நீச்சல் பழகும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சென்னையில் இருக்கிறோம். இரண்டு வருடமாகப் போட்டி நீச்சலில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் காலை 5.30 முதல் 7.30 வரை பயிற்சி, மூன்று நாள் மாலையிலும் உண்டு. குளத்துக்குள் நடப்பதைக் கோச் பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரத்தில் நாங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். ஆறு மாதமாக டைமிங், அதாவது நீந்தி முடிக்கும் நேரம், இறங்கவில்லை. அடிக்கடி காது வலி வேறு. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? முழு ஆண்டுத் தேர்வுக்காக இரண்டு மாதம் நீச்சலை நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?

பதில்:

வகுப்பில் தூங்குவதையும் டைமிங் இறங்காததையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் தெரிகிறது. புரோட்டீன் பவுடருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு தாளை எடுத்து, போன வாரம் உங்கள் மகள் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று எழுதிப் பாருங்கள்.

நான் பள்ளி, கல்லூரி நாட்களில் மாநில அளவில் நீந்தியவன். இப்போது பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் பெற்றோர் எல்லாரிடமும் இந்தத் தாளைக் கேட்பேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 5.30 பயிற்சிக்கு 4.45க்கு எழுப்புகிறார்கள். மாலை பள்ளி விட்டு, பயிற்சியோ டியூஷனோ முடிந்து, எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதரை வரை ஹோம்வொர்க், கொஞ்சம் போன், படுக்கும்போது பத்தேகால். ஆறரை மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். அது சாதாரணப் பிள்ளைகளுக்குச் சொன்ன கணக்கு. தினமும் நாலைந்து கிலோமீட்டர் நீந்துகிற பிள்ளைக்கு அதில் மேல் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

குளத்தில் நடப்பது உடம்பைக் களைப்பாக்குகிற வேலை மட்டும்தான். தசை பழுதுபார்க்கப்படுவதும், வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும், அன்று கோச் திருத்திய கைவீச்சு மூளையில் பதிவதும் தூக்கத்தில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களை வைத்து ஓர் ஆய்வு 2011ல் வெளியானது. பயிற்சியில் எதையும் மாற்றாமல், தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் ஓட்டம் வேகமானது, கூடையில் விழும் பந்துகள் ஒன்பது சதவீத அளவுக்குக் கூடின. ஆட்கள் குறைவுதான், பதினோரு பேர். ஆனாலும் என் பிள்ளைகளிடம் வருடா வருடம் நான் பார்ப்பதும் இதுதான். கோடை விடுமுறையில் டைமிங் தானாக இறங்கும். பெற்றோர் அதைச் சம்மர் கேம்பின் பலன் என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளி இல்லை, பையன் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினான், அவ்வளவுதான்.

சரி, 4.45க்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் ஏழே முக்காலுக்குப் படுக்க வேண்டும். எந்த வீட்டில் நடக்கும்? அதனால் என் யோசனை பலருக்குப் பிடிக்காது: ஆறு காலைகளை நான்காகக் குறையுங்கள். கோச்சிடம் போய், இவள் தூக்கம் போதவில்லை, எந்த இரண்டு காலையை விடலாம் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார். பன்னிரண்டு வயதில் தூக்கக் கலக்கத்தோடு நீந்துகிற ஆறு செஷனைவிட விழிப்போடு நீந்துகிற நாலு செஷன் மேல். அதோடு, வாரத்தில் ஒரு முழு நாளாவது எந்தப் பயிற்சியும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை டிரைலேண்ட் என்கிற தரைப் பயிற்சி, யோகா என்று நிரப்பிவிடாதீர்கள்.

மீதியெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். கிட் பேக்கையும் பள்ளிப் பையையும் இரவே கட்டிவைத்தால் காலையில் பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். அதை அவளே கட்ட வேண்டும். காகிள்ஸை மறந்தால் அன்றைக்கு அவள்பாடு, ஒருமுறை அவதிப்பட்டால் அப்புறம் மறக்கமாட்டாள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் படுக்கட்டும், ஆனால் ஆறு மணிக்கு மேல் தூங்கவிட்டால் இரவுத் தூக்கம் கெடும். போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான். மாலை நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பதினொன்று வரை தூங்கினால் திங்கள் காலை இன்னும் மோசமாக விடியும்.

இன்னொரு பழக்கம், காசில்லாதது. காலையில் எழுந்ததும் படுக்கையை விட்டு இறங்கும் முன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அவளுடைய வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும். அதைவிட எட்டு, பத்து கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வந்தால் ஏதோ சரியில்லை. காய்ச்சல் வரப் போகிறது, அல்லது உடம்பு ஓய்வு கேட்கிறது. அந்த நோட்டைக் கோச்சிடம் காட்டலாம். "டயர்டா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்பார்கள், எண்ணைக் காட்டினால் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒரு நாளைக்கு 12,000 கலோரி சாப்பிட்டார் என்று ஒரு கதை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காலத்தில் உலகம் முழுக்கச் சுற்றியது. அவரே அதை மறுத்துவிட்டார். இன்றும் குளத்தோரத்தில் அப்பாக்கள் அதைச் சொல்லிப் பிள்ளையின் வாயில் நெய்ச் சோற்றை அடைக்கிறார்கள். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. வெறும் வயிற்றில் அல்லது ஒரு டம்ளர் காபியோடு பயிற்சி, திரும்பி வரும் அவசரத்தில் வேன் வந்துவிட்டது என்று அரை இட்லி, மதியம் டப்பாவில் பாதி மிச்சம், இரவு எட்டரைக்கு அகோரப் பசியில் அஞ்சு தோசை. உடம்புக்கு உணவு தேவைப்படும் நேரத்தில் எதுவும் இல்லை, தூங்கப் போகும் நேரத்தில் மூட்டை.

காலை ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம் போதும், இல்லையென்றால் நாலு பேரீச்சம்பழம். வாந்தி வருகிறது என்கிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குப் பாதிப் பழத்தில் ஆரம்பித்துப் பழக்குங்கள். பயிற்சி முடிந்து அரை மணி, முக்கால் மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் குளத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிளாஸ்கில் பால் விட்ட ராகிக் கஞ்சி, அவித்த முட்டை, பொடி தடவிய இட்லி, இதெல்லாம் வண்டியில் உட்கார்ந்தே சாப்பிடக்கூடியவை. பள்ளி இடைவேளைக்கு பிஸ்கட் வேண்டாம், சுண்டல் கொடுங்கள். மாலைப் பயிற்சிக்கு முன் கடலைமிட்டாயும் ஒரு பழமும். கோவில்பட்டிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் இப்போது "எனர்ஜி பார்" என்று ஐந்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

சோற்றைக் குறைக்காதீர்கள். மாவுச்சத்து என்றாலே கெட்டது என்று ஒரு காற்று வீசுகிறது. அது நாற்பது வயதில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற உங்களுக்கும் எனக்கும் சரியாக இருக்கலாம். தினமும் நீந்தும் பிள்ளைக்கு எரிபொருளே அதுதான். பயிற்சி கடினமான நாளில் கூடுதலாக, ஓய்வு நாளில் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான் கணக்கு.

இப்போது புரோட்டீன் பவுடர். உங்கள் மகள் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 48 முதல் 64 கிராம் போதும். இரண்டு டம்ளர் பாலில் சுமார் 13 கிராம், இரண்டு முட்டையில் 12, ஒரு கப் சுண்டலில் 10க்கு மேல், ஒரு கப் தயிரில் 6, பருப்பும் சாம்பாரும் சேர்த்து ஆறேழு, இட்லி, சோறு, சப்பாத்தியில் இருந்து குறைந்தது பத்து. தொட்டுவிட்டோம். முட்டை சாப்பிடாத வீடென்றால் பனீர், சோயா, வேர்க்கடலை இருக்கின்றன. மீன் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம், மத்தியும் அயிலையும் வாரம் இரண்டு நாள் செய்யுங்கள்.

பவுடர் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஊக்கமருந்து விதிகளில், உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் அதற்கு வீரர்தான் பொறுப்பு. டப்பாவில் எழுதவில்லை, கடைக்காரர் சொல்லவில்லை என்ற பேச்செல்லாம் எடுபடாது. லேபிளில் இல்லாத பொருள் கலந்த சப்ளிமெண்டால் மாட்டியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தேசியப் போட்டிகளில் நாடா என்கிற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சோதனை செய்கிறது, ஜூனியர் என்று விட்டுவிடுவதில்லை. சளி மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரின்கூட அளவு மீறினால் போட்டி நாளில் தடைசெய்யப்பட்டதுதான். அதனால் இந்த வயதிலேயே பழக்க வேண்டிய ஒன்று: எந்த மருந்துக்குப் போனாலும், நாட்டு மருந்தாக இருந்தாலும், "நான் போட்டி நீச்சல் வீராங்கனை" என்று டாக்டரிடம் அவளே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இரும்புச்சத்து விஷயத்தில்தான் நான் கொஞ்சம் பயமுறுத்துவேன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும், கடைசி இருபத்தைந்து மீட்டரில் கை கல்லாகும். கோச் "ஸ்டாமினா இல்லை" என்று இன்னும் நீந்த வைப்பார். என்னிடம் ஒரு பெண் இப்படித்தான் நாலு மாதம் தவித்தாள், நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். அவளை ஸ்டாமினா செட் போட்டு வாட்டினேன். அவளுடைய பாட்டி, "புள்ளை கண்ணு வெளுத்துக் கிடக்கே, பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டபிறகுதான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் 9. வருடத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 12 வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும், நாமாக மாத்திரை வாங்கக் கூடாது. முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல் எல்லாம் நல்லதுதான், ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பங்கு உடம்பில் சேராது. டீக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுங்கள், நெல்லிக்காய் இன்னும் நல்லது.

உங்கள் மகள் வயதுக்கு வரும் பருவம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் இடுப்பு, எடை, உயரம் எல்லாம் மாறும். தண்ணீரில் சமநிலை மாறும். ஆறு மாதம், ஒரு வருடம்கூட டைமிங் அப்படியே நிற்கலாம், கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் "குண்டாயிட்டே" என்று சொல்லிவிடக் கூடாது. கோச் சொன்னாலும் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்விம்சூட்டில் நாலு பேர் முன் நிற்கிற பிள்ளை அந்த ஒரு வார்த்தைக்காகச் சாப்பாட்டைக் குறைக்கும். உடம்பு செலவழிக்கும் சக்திக்கேற்ற உணவு இல்லாமல் பயிற்சி செய்தால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு மெலியும், அடிக்கடி சளி பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014லிருந்து இதற்குத் தனியாக வழிகாட்டுதலே வெளியிட்டு வருகிறது. மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். "ஸ்போர்ட்ஸ் பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாட்களில் நீந்துவதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். டாம்போன், கப் பற்றி வெட்கமில்லாமல் நீங்கள்தான் பேச வேண்டும். ஆண் கோச் என்றால், "இன்றைக்கு முடியாது" என்று ஒரு வரி சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டார் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது.

தண்ணீருக்குள் இருக்கும்போது வியர்ப்பது தெரியாது. போட்டிக் குளத்தின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்த் திறந்தவெளிக் குளங்களில் மே மாதம் காலையிலேயே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பாட்டில் குளத்தின் ஓரத்தில், அவள் லேனுக்கு நேராக இருக்க வேண்டும், ஒவ்வொரு செட் முடிவிலும் இரண்டு மூன்று மடக்கு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் போகிறது என்று அர்த்தம். மற்றபடி விலை உயர்ந்த பானம் எதுவும் வேண்டாம், உப்புப் போட்ட மோர் இருக்கும்போது.

காது வலிக்கு வருகிறேன். காது மடலைப் பிடித்து இழுத்தால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில் தொற்று. ஈரம் உள்ளேயே தங்கி, தோல் ஊறி, கிருமி குடியேறுகிறது. இதற்குப் பாதிக் காரணம் பட்ஸ். காதின் மெழுகுதான் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோலையும் கீறிவிடுகிறோம். குளத்திலிருந்து ஏறியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து மடலை லேசாக இழுத்துவிட்டால் தண்ணீர் வடியும், துண்டின் நுனியால் வெளியே மட்டும் துடைத்தால் போதும். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வேலை தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெரிய வினையாகிவிடும். கடையில் விற்கிற சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். முதலில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருமுறை உள்ளே பார்க்கட்டும். தொற்று ஆறும்வரை தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, போட்டி இருந்தாலும்.

குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகிற குளோரமின் நெடி அது. கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான். எனவே இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு ஷவரில் நன்றாக நனைவது மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. முடிக்கும் அது நல்லது, நல்ல தண்ணீரை ஏற்கெனவே குடித்த முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. தேங்காய் எண்ணெயை முன்னால் தடவிவிட்டு இறங்கினால் குளம் முழுக்க மிதக்கும், கேப்பும் வழுக்கும். பின்னால் தடவுங்கள். குளித்தவுடன் ஈரத்தோலில் தடவினால் சொறி, வறட்சி குறையும். பயிற்சி தோறும் இருமல் வந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்று பரிசோதியுங்கள், நீச்சல்காரர்களிடம் அது அபூர்வமில்லை. கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே கூடாது, பவர் காகிள்ஸ் கிடைக்கிறது. நனைந்த காஸ்டியூமோடு வீடுவரை வரும் பழக்கம் பெண் பிள்ளைகளுக்கு அரிப்பில்தான் முடியும்.

அப்புறம் இந்த "வெயிலில் கறுத்துப்போறா, நாளைக்கு யார் கட்டிப்பா" பேச்சு. சன்ஸ்கிரீன் தோல் எரியாமல் இருக்கப் போடுவது, நிறத்துக்காக அல்ல. நல்ல நீந்தும் பெண்களில் எத்தனை பேர் 13, 14 வயதில் இந்த ஒரு பேச்சால் நின்றுபோனார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தையோ பெரியம்மாவோ ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

தோளைப் பற்றி. நீச்சல்காரரின் சொத்தும் அதுதான், முதலில் பழுதாவதும் அதுதான். வெளியிலிருந்து வரும் சுமை பள்ளிப் பை. ஒரே தோளில் தொங்கவிட்டு, மற்ற நேரம் போனைக் குனிந்து பார்த்து, இரவில் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துத் தூங்கினால், குளத்தில் செய்கிற ஆயிரக்கணக்கான கைவீச்சுகளுக்கு நடுவே தோளுக்கு ஓய்வே இல்லை. பையை இரு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பின்னால் இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்துவிடுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். நீந்தும் பிள்ளைகளின் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்வாக இருப்பது, அதை இன்னும் இழுத்துத் தளர்த்துவது வம்பு. அதற்குப் பதில் ரப்பர் பேண்டில் தோள்பட்டையை இறுக்கும் பயிற்சியைப் பிசியோவிடம் கற்றுக்கொண்டு பத்து நிமிடம் செய்யட்டும். தசை முழுக்க அசதியாக இருந்தால் பயமில்லை. ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, இரவில் எழுப்பும் வலி என்றால் அன்றே நிறுத்த வேண்டும். நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் கழுத்து வட்டு விலகி, கை வலியோடு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர். சிகிச்சையும் பொறுமையுமாக மீண்டு வந்து 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி நேரத்தை, அதாவது நேரடியாக இடம் தரும் நேரத்தை, தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். அந்த அளவுக்குப் போனவரே நின்றுதான் வந்தார், பன்னிரண்டு வயதில் மூன்று வாரம் ஓய்வெடுப்பதால் ஒன்றும் போய்விடாது.

எலும்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தண்ணீர் உடம்பைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதிர்ச்சி கிடைப்பதில்லை. நீந்த மட்டும் செய்கிற பிள்ளைகளின் எலும்பு, ஓடியாடும் பிள்ளைகளின் எலும்பு அளவுக்கு இறுகுவதில்லை. வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் ஸ்கிப்பிங், மாடிப்படி, தெருவில் பிள்ளைகளோடு ஓட்டம், இது போதும். கால்சியம் 10 முதல் 12 வயதுக்கு 850 மில்லிகிராம், 13 முதல் 15 வயதுக்கு 1000 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் மட்டும் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பாலும் தயிரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பல் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு: நீந்தி முடித்ததும் உடனே பல் தேய்க்க வேண்டாம். பராமரிப்பு சரியில்லாத குளத்தில் தண்ணீர் அமிலமாகி எனாமல் இளகியிருக்கலாம். வாயை நல்ல தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் தேய்க்கட்டும்.

போட்டி நாளில் புதிதாக எதுவும் வேண்டாம். புதுக் காகிள்ஸ் வேண்டாம், புது ஊர் சாப்பாடும் வேண்டாம். புவனேஸ்வருக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறினால் பொடி இட்லியும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். முதல் சுற்றான ஹீட்ஸுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் பிள்ளைகள் வெயிலில் ஓடி விளையாடிக் களைத்துவிடுவார்கள், ஒரு பாயும் நிழலும் தேடிவையுங்கள். முந்தைய இரவு, படுத்தபடி கண்ணை மூடி, குதிக்கும் மேடையான பிளாக்கில் ஏறுவதிலிருந்து சுவரைத் தொடுவதுவரை மனதில் ஒருமுறை நீந்திப் பார்க்கச் சொல்லலாம். காகிள்ஸ் கழன்றால் என்ன செய்வேன் என்பதையும் சேர்த்து. ஃபெல்ப்ஸுக்கு 2008 பெய்ஜிங் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் காகிள்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து கண்ணே தெரியவில்லை. கைவீச்சை எண்ணி எண்ணி நீந்தி, உலக சாதனையோடு ஜெயித்தார். போட்டி முடிந்து வண்டியில் ஏறியதும் நீங்கள் கேட்க வேண்டியது, "என்ன சாப்பிடறே?" டைமிங்கை அவளே சொல்வாள். சொல்லாவிட்டால் அன்றைக்குச் சொல்ல வேண்டாமென்று அர்த்தம். அடுத்த லேன் பெண்ணின் டைமிங்கை உங்கள் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர் சொன்னது. இரண்டு மாதம் முழுக்க நிறுத்தினால், திரும்பி வந்து பழைய நிலையைப் பிடிக்கவே கோடை போய்விடும். உடல் தகுதியைக்கூட மீட்டுவிடலாம், தண்ணீரைக் கை பிடிக்கிற அந்த உணர்வு சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் பிள்ளைக்கு எரிச்சல் வரும், பலர் அந்த எரிச்சலில்தான் திரும்பாமல் போகிறார்கள். ஏழாவது, எட்டாவது முழு ஆண்டுத் தேர்வுக்கு நிறுத்தவே வேண்டாம். காலைப் பயிற்சியை எடுத்துவிட்டு, மாலையில் வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் நீந்தட்டும். காலையில் ஆறு வரை தூங்கட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும்போது வேண்டுமானால் கடைசி மாதம் வாரம் இரண்டு நாளாக்கலாம். இதைக் கணவரிடம் சொல்லும்போது அந்தத் தூக்கத் தாளையும் காட்டுங்கள். மார்க் குறைந்ததற்கு நீச்சலைக் குற்றம் சொல்லும் முன், அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பதை அவரும் பார்க்கட்டும்.